பனியைக் கடக்கும் போத்துகள்

முருங்கைக்குப் போத்து வெட்டி ஊன்றுவது நமக்குப் பழகிய செயல். இங்கிலாந்தில் இதனையே வீட்டுக்குள், சன்னல் ஓரத்துத் தொட்டிகளில் செய்கின்றனர். அங்கே அது செடியைச் சாவினின்று காக்கும் வழி.

ஜெரேனியம் என்று தோட்டக்காரர் வழங்கும் பெலர்கோனியத்தை எடுத்துக்கொள்வோம். (1789இல் லெரித்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் அதனைத் தனி இனமாகப் பிரித்தார், ஆயினும் தோட்டங்களில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.) அதன் தாயகம் தென்னாப்பிரிக்கா. நீர் நிறைந்த அதன் தண்டு உறைபனியைத் தாங்காது. கடுங்குளிரில் முதலில் உயிரணுக்களுக்கு இடையே பனிக்கட்டி தோன்றும். அது அணுக்களின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். அணுக்கள் வற்றிச் சிதையும். காலையில் பனி உருகும்போது இலைகள் கருகித் துவண்டு கிடக்கும்.

ஆகவே ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே, பூக்காத இளங்கிளைகளில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளத் துண்டுகளைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்குவர். அடியிலைகளைக் களைந்து, வெட்டுவாய் சிறிது உலர்ந்தபின் மணல் கலந்த மண்ணில் நடுவர். வேர் எங்கிருந்து வருகிறது? தண்டின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் பொருள் கீழ்நோக்கி இறங்குகிறது. வெட்டுவாயில் வழி அடைபட்டுத் தேங்குகிறது. அதன் தூண்டுதலால் அங்குள்ள அணுக்கள் பிரிந்து வேர்களாகின்றன. கோலியஸ் துண்டோ வெறும் தண்ணீரிலேயே வேர்விடும். ஆனால் பெலர்கோனியத்தை மூடி வைத்தல் ஆகாது. ஈரம் தங்கினால் தண்டின் அடி கறுத்து அழுகும். குளிர்காலம் முழுதும் அதற்கு வெளிச்சம் மிகுதியாகவும் நீர் குறைவாகவும் வேண்டும்.

விதை போதாதோ என்று நீங்கள் கேட்கலாம். பீட்டர் கிரீவ் என்பார் 1858இல் உருவாக்கிய ‘மிஸஸ் பொல்லாக்’ என்னும் பன்னிற இலை வகை இன்றும் வளர்கிறது. அதன் நிறங்கள் விதை வழியே மாறாமல் வருவதில்லை. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் துண்டு துண்டாகக் கைமாறி வாழ்வது ஒரே செடிதான். ஏதேனும் ஒரு குளிர்காலத்தில் எல்லாத் துண்டுகளும் மடிந்திருந்தால், அவ்வகையே மறைந்திருக்கும்.

உதகையின் பள்ளமான இடங்களிலும் டிசம்பர், சனவரி இரவுகளில் உறைபனி படிகிறது. அங்குள்ள மாணவர்கள் இரண்டு மாதம் முன்னரே நான்கைந்து துண்டுகளை நட்டு வீட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம். ஒன்றிரண்டு அழுகக்கூடும், ஆகவே தேவைக்கு மேல் சில நடுவது நன்று.