கரை நகரமா, கடல் தீவா?

திருப்பதிக்குப் போய் வருவது போல் வியட்நாமுக்குப் போய் வருகிறார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும், ஒரு காலத்தில் யுத்தச் செய்திகளின் மூலம் மட்டுமே நமக்கு அறிமுகமாகியிருந்த அந்தத் தேசம், இன்று கலியாணப் பந்தியில் பேசுகிற விஷயமாகி விட்டது. "எங்கள் மைத்துனர் குடும்பத்தோடு போய் வந்தார்" என்று ஒருவர் ஆரம்பித்தால், எதிர் வரிசையில் பாயசம் சாப்பிடுகிறவர் தலையை நிமிர்த்திக் கேட்கிறார்.

பிரயாண ஏஜெண்டுகளிடம் போனால் இரண்டு படங்களை எடுத்து நீட்டுகிறார்கள். ஒன்றில் பிறை போல் வளைந்த கடற்கரை. அதை ஒட்டி வானத்தைத் தொடும் ஓட்டல்கள். தீபாவளி ராத்திரி மாதிரி விளக்குகள். அது நா ட்ராங் நகரம். மற்றொன்றில் சாய்ந்த தென்னை மரம், அதில் ஓர் ஊஞ்சல், நீலத் தண்ணீர், மனித சஞ்சாரமே இல்லை. அது ஃபூ குவோக் தீவு. கையில் இருக்கிற பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். எது?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இந்தத் தர்க்கம் மூன்று வாரம் நடந்தது. வீட்டுக்காரர் வங்கியில் குமாஸ்தா. ஐந்து வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த பணம். அடுத்த சீட்டு முடியும்போது பெண் காலேஜில் இருப்பாள். அவருடைய தாயாருக்கு எழுபத்தைந்து வயதாகி விடும். ஆகவே இது ஒரே ஒரு தடவை போகிற பிரயாணம் என்று எல்லோருக்குமே தெரியும். யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை.

"தீவுக்கே போகலாங்க. சந்தடியில்லாத இடத்தில் நாலு நாள் உட்கார்ந்து எத்தனை வருஷமாச்சு!" என்றாள் மனைவி.

"அத்தனை தூரம் போய் உட்கார்ந்திருக்கவா? கடை, தெரு, ஜனங்கள் இதெல்லாம் பார்க்க வேண்டாமா?" என்றார் அவர்.

"அங்கே ஒரு கோவில் இருக்குமாடா?" என்று கேட்டார் தாயார்.

மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் மூவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. எந்த மாதத்தில் போகிறீர்கள்?

படத்தில் மழை பெய்வதில்லை அல்லவா? இரண்டு ஊர்களும் ஒரே தேசத்தில் இருந்தாலும் அவற்றின் மழைக்காலம் ஒன்றல்ல. நமக்கு இது புரிவதற்குப் பூகோளப் புஸ்தகம் வேண்டாம். நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்பதால் கேரளத்துக்கு ஜூன் மாதம் மழை, சென்னைக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை. வியட்நாமிலும் இப்படி ஒரு நெடுமலை, அன்னாமிய மலைத்தொடர், நிற்கிறது. நா ட்ராங் அதற்குக் கிழக்கே, சூரியன் உதிக்கிற கடலைப் பார்த்துக் கொண்டிருக்கிறது. அது அவர்களுடைய சென்னை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரியிலிருந்து ஆகஸ்டு வரை பெரும்பாலும் வெயில். ஃபூ குவோக் தென்மேற்கே, தாய்லாந்து வளைகுடாவில், கம்போடியக் கரைக்கு அருகில் கிடக்கிறது. அது அவர்களுடைய கேரளம். மே மாதம் தொடங்குகிற மழை அக்டோபர் வரை விடாது. நா ட்ராங்கில் ஒரு வருஷத்தில் பெய்கிற மழை ஏறக்குறைய நம் சென்னை அளவுதான்; தீவில் அதைப் போல் இரண்டு மடங்கு.

இது வெறும் கணக்கல்ல. 2017-ம் வருஷம் நவம்பர் மாதம் 'டாம்ரே' என்ற புயல் நா ட்ராங் பிரதேசத்தில் கரையேறியது. அந்தப் புயலிலும் வெள்ளத்திலும் வியட்நாமில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் ஃபூ குவோக்கின் பிரதான ஊரான துவாங் டாங் தெருக்களில் இடுப்பளவு வெள்ளம் நின்றது. அந்தந்த மாதத்தில் அந்தந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்களிடமும் அதே ஊஞ்சல் படந்தான் இருந்திருக்கும்!

மழை விஷயம் கிடக்கட்டும், ஊர்களைப் பார்ப்போம்.

நா ட்ராங்கை ராத்திரியில் பார்த்துவிட்டு, "ஒரே கூத்தும் கும்மாளமும்" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் கடற்கரை முழுவதும் உள்ளூர் ஜனங்கள்தான். பாட்டிமார்கள் கும்பலாகக் கழுத்தளவு நீரில் நின்று கொண்டு குடும்ப சமாச்சாரம் பேசுகிறார்கள். கிழவர்கள் கையை வீசிக் கசரத்துச் செய்கிறார்கள். ஏழு மணிக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய் விடுவார்கள். உல்லாசப் பிரயாணிகள் கண்ணைக் கசக்கிக் கொண்டு வரும்போது இடம் காலி. நம் மெரினாவைப் போலவே அந்தக் கடற்கரையும் நகரத்தாரின் முற்றம். பணம் கொடுத்து வாங்குகிற அழகு அல்ல. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். கரையிலிருந்து சில அடி போனதும் கடல் சட்டென்று ஆழமாகி விடும். சிவப்புக் கொடி பறந்தால் குழந்தைகளைத் தண்ணீரில் விடக் கூடாது.

கோவில் கேட்ட தாயாருக்கு அங்கே பதில் இருக்கிறது. ஆற்று முகத்தில் ஒரு சிறு குன்றின் மேல் செங்கல் கோபுரங்கள் நிற்கின்றன. பெயர் 'போ நகர்'. நம் காதுக்கு யாரோ 'போ, நகர்!' என்று விரட்டுவது போலிருக்கும். சாம் மொழியில் அதற்கு 'நாட்டின் நாயகி' என்று அர்த்தம். பழைய சம்பா ராஜ்யத்தின் தேவி அவள். கல்வெட்டுகள் அவளைப் பகவதி என்றே குறிப்பிடுகின்றன. 774-ம் வருஷம் கடல் வழியே வந்த கொள்ளைக்காரர்கள் கோவிலைக் கொளுத்தினார்கள். பத்து வருஷம் கழித்து, 784-ல், சத்தியவர்மன் என்ற அரசன் அதை மீண்டும் கட்டினான். உள்ளே பத்துக் கைகளுடன் கல்லில் அமர்ந்திருக்கிறாள் அம்பிகை. ராஜ்யம் போய் விட்டது. 1653-ல் அந்தப் பகுதி வியட்நாமியர் கைக்கு மாறியது. ஆனால் வென்றவர்கள் தேவியை அப்புறப்படுத்தவில்லை. வேறு பெயர் சூட்டி, பட்டுப் போர்த்தி, ஊதுவத்தி ஏற்றித் தங்கள் தாயாகவே ஆக்கிக் கொண்டார்கள். இன்றும் பூஜை நடக்கிறது.

அதே ஊருக்குப் பக்கத்தில் வோ கான் என்ற இடத்தில் கிடைத்த சம்ஸ்கிருதக் கல்வெட்டு தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழமையான கல்வெட்டுகளில் ஒன்று. அதில் 'ஸ்ரீ மாறன்' என்று ஓர் அரசன் பெயர் வருகிறது. 'மாறன் என்றால் பாண்டியன்தானே?' என்று நம்மவர் மனம் துள்ளும். அப்படிச் சொன்ன அறிஞர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு மனிதரையும் அங்கே சந்திக்க வேண்டும். அலெக்ஸாண்டர் யெர்சின் என்ற டாக்டர். 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் நோயின் கிருமியைக் கண்டு பிடித்தவர். பம்பாயில் பிளேக் பரவியபோது, 1897-ல் தாம் தயாரித்த மருந்துடன் அங்கே வந்து சிகிச்சை செய்தவர். உலகப் புகழ் வந்த பிறகும் ஐரோப்பாவுக்குத் திரும்பாமல், நா ட்ராங்கில் மீனவர்களின் நடுவே வீடு கட்டிக் கொண்டு 1943-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்து விட்டார். அவருடைய கருவிகளும் புத்தகங்களும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் காட்சிசாலையில் இருக்கின்றன. படிக்கிற பெண் இருக்கும் வீட்டார் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

இனி தீவு. ஏறக்குறையச் சிங்கப்பூர் அளவு. அதைவிடச் சற்றுச் சிறியது. பாதிக்கு மேல் காடு; 2001 முதல் அது தேசிய வனமாகப் பாதுகாக்கப்படுகிறது. வியட்நாமின் நெடுங்கரை பெரும்பாலும் கிழக்கு நோக்கியதாகையால், கடலில் சூரியன் இறங்குகிற காட்சி அந்த நாட்டாருக்கே அபூர்வம். அதற்காகவே அவர்கள் இந்தத் தீவின் மேற்குக் கரைக்கு வருகிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை அந்தக் கரை குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கும் புது மணத் தம்பதிகளுக்கும் இதைவிட நல்ல கடல் சொல்வது கஷ்டம்.

ஆனால் படத்தில் பார்த்த ஏகாந்தம்? அதற்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. 2012-ல் பெரிய விமான நிலையம் திறந்தார்கள். 2018-ல் தென் கோடியிலிருந்து பக்கத்துத் தீவுக்குக் கடலுக்கு மேலே ஏறக்குறைய 8 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கம்பி வண்டி ஓடத் தொடங்கியது. வட கோடியில் வெனிஸ் நகரத்தைப் போல் கால்வாய் வெட்டிப் படகு விட்டிருக்கிறார்கள். தென் கோடியில் இத்தாலியக் கடற்கரை ஊரைப் போல் வர்ண வீடுகள். வியட்நாமுக்குப் போய் இத்தாலியைப் பார்ப்பானேன் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைகளுக்கு அப்படித் தோன்றாமலிருக்கலாம். இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவே சுமார் 50 கிலோ மீட்டர். இங்கேதான் பர்ஸ் இளைக்கிறது. நகரத்தில் ஓட்டலை விட்டு இறங்கினால் கடை, கடற்கரை, சாப்பாடு எல்லாம் நடக்கிற தூரம். ஓட்டல் பிடிக்காவிட்டால் எதிர் ஓட்டல். தீவில் ஒவ்வொரு இடத்துக்கும் வண்டி பிடிக்க வேண்டும். தனித்து நிற்கும் ஓட்டலில் தங்கினால் அவர்கள் சொன்ன விலைதான் சாப்பாட்டுக்கு விலை.

தீவில் நிஜமான சரக்கு இரண்டு உண்டு. ஒன்று மிளகுத் தோட்டம். இன்னொன்று 'நுவாக் மாம்' என்ற மீன் சாறு. நம் நெத்திலியின் இனமான மீனை உப்போடு சேர்த்துப் பெரிய பெரிய மரத் தொட்டிகளில் ஒரு வருஷம் ஊற வைத்து வடிக்கிறார்கள். 2012-ல் ஐரோப்பிய யூனியன் 'ஃபூ குவோக்' என்ற பெயரை இந்தச் சாறுக்கே உரியதாகப் பாதுகாத்தது. சாலை முனையிலேயே வாசனை வந்து வரவேற்கும். தீவுக்கு இன்னொரு முகமும் உண்டு. யுத்த காலத்தில் ஆயிரக்கணக்கான கைதிகளை அடைத்து வதைத்த சிறைச்சாலை இப்போது காட்சிசாலை. சிறு பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம்.

தீவுக்கு ஒரு சலுகை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நேராக ஃபூ குவோக்குக்கு வந்து, முப்பது நாளுக்குள் அங்கிருந்தே திரும்புகிறவர்களுக்கு விசா வேண்டியதில்லை. இடையில் மற்ற ஊர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் சலுகை போயிற்று. நா ட்ராங்குக்கு முன்கூட்டியே விசா வாங்கியாக வேண்டும். அதற்குப் பதிலாக அந்த நகரத்துக்கு ரயில் இருக்கிறது. ஹோ சி மின் நகரத்திலிருந்து 411 கிலோ மீட்டர், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வயலும் கடலும் மாறி மாறி வரும்.

எங்கள் தெருக் குடும்பத்துக்குப் பள்ளிக்கூட லீவு மே மாதத்தில்தான். ஆகவே நா ட்ராங் என்று முடிவாயிற்று. மனைவிக்குக் கொஞ்சம் மனக்குறைதான். "டிசம்பரில் லீவு விட்டால் என்னவாம் இந்தப் பள்ளிக்கூடத்தில்!" என்றாள். அரைப் பரீட்சை லீவில் போக முடிகிறவர்கள் தாராளமாகத் தீவுக்கே டிக்கட் வாங்கலாம்.

எங்கே போனாலும் சைவர்களுக்கு ஒரு வார்த்தை. கீரை வதக்கலில்கூட மேலே சொன்ன மீன் சாறு ஒரு கரண்டி விழுந்திருக்கும். 'மாமிசம் வேண்டாம்' என்று சொன்னால் போதாது. 'சாய்' என்று சொல்ல வேண்டும். டீ வராது, பௌத்தர்களின் சைவச் சாப்பாடு வரும். மாதப் பிறப்பான அமாவாசை நாளிலும் பௌர்ணமியிலும் அங்கே பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். அன்றைக்குச் சாதாரணக் கடைகளில்கூடக் கிடைக்கும். ஆகவே பெட்டியில் ஒரு பஞ்சாங்கம் இருக்கட்டும்.