உங்களுக்குத் தெரியுமா? போக்கர் மேசையும் சம்பளக் காசும்

கெந்திங் மலைக்கு கேசினோ உரிமம் கிடைத்தது 1969இல்; முதல் ஹோட்டல் திறந்தது 1971இல். மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ இன்றும் அதுதான். முஸ்லிம்களும் 21 வயது நிரம்பாதவர்களும் உள்ளே போக முடியாது. ஜெஞ்சாரோம் போன்ற ஊரிலிருந்து போய்வர வண்டி வேண்டும், எண்ணெய்க் காசு வேண்டும், ஒரு நாள் லீவும் வேண்டும். கைப்பேசியில் வரும் போக்கர் மேசைக்கு இது எதுவும் தேவையில்லை. சம்பளம் ஏறிய ராத்திரியே, படுத்த இடத்திலிருந்தே உட்கார்ந்துவிடலாம். நம் பிள்ளைகள் பலர் உட்காருகிறார்கள். அதனால்தான் இந்த முறை போக்கர் கணக்கு.

52 சீட்டில் கைக்கு வரும் இரண்டு சீட்டு 1,326 விதமாக அமையலாம். இரண்டும் ஏஸாக வருவது சராசரியாக 221 கைக்கு ஒரு முறை. அப்படி வந்தாலும் ஜெயிப்பது உறுதியில்லை. எதிரில் ஒரே ஆள், அவரிடம் ஏதோ இரண்டு சீட்டு என்றாலும், ஏறக்குறைய ஏழில் ஒரு தடவை பணம் அவருக்குத்தான்.

நல்ல ஆட்டக்காரர் பார்ப்பது சீட்டை மட்டுமல்ல, விலையையும்தான். நடுவில் 100 வெள்ளி கிடக்கிறது. எதிராளி 50 வைக்கிறார். நீங்களும் 50 போட்டால் மொத்தம் 200; அதில் உங்கள் பங்கு கால்வாசி. அப்படியானால் நூற்றுக்கு 25 தடவையாவது ஜெயித்தால்தான் கைக்காசுக்கு நட்டமில்லை. கையிலுள்ள இரண்டும் மேசையில் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்த மூன்றும் சேர்த்து, உங்களிடம் ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு சேர்ந்திருக்கிறது, ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். தெரியாத 47 சீட்டில் உதவக்கூடியது 9. அடுத்த சீட்டிலேயே அது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 19தான். பின்னால் கூடுதலாக எதுவும் கிடைக்காது என்றால் கீழே வைத்துவிட வேண்டிய கை அது. "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று போடும் 50 வெள்ளியில்தான் பலரின் பணம் கரைகிறது.

நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர்களுக்கும் இதே கணக்கு உண்டு. 0000 முதல் 9999 வரை 10,000 எண்ணையும் எண்ணுக்கு ஒரு வெள்ளி வீதம் 'பிக்' வகையில் ஒருவரே வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்துக்கு 180 வீதம், ஆறுதல் பரிசு பத்துக்கு 60 வீதம். 23 பரிசையும் அவரே அள்ளினாலும் கைக்கு வருவது 6,400 வெள்ளி. போட்டதில் வெள்ளிக்கு 36 சென் போய்விட்டது.

போக்கரில் நிறுவனம் உங்களை எதிர்த்து ஆடுவதில்லை. ஆனால் பல கைகளில் நடுப்பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. பல தளங்களில் அது 5 விழுக்காடு வரை போகும். ஒரு மேசையில் உள்ள ஆறு பேரும் சமமான திறமைசாலிகள் என்றால், நாள்பட ஆறு பேருமே தோற்பார்கள்.

போக்கரைத் தொழிலாகச் செய்பவர்கள் அதற்கென்று ஒரு முதலைத் தனியே ஒதுக்குவார்கள். வீட்டு வாடகையும் கார்த் தவணையும் பிள்ளை பள்ளிச் செலவும் அதில் கலக்காது. ஒரு மேசையில் உட்காரும் தொகையைப் போல் 20, 30 மடங்காவது இருப்பு வேண்டும் என்பது அவர்களின் பொதுவான கணக்கு. போட்டித் தொடர்களுக்கு 100 மடங்கு. ஏனென்றால் நன்றாக ஆடுபவரும் வாரக்கணக்கில் தொடர்ந்து தோற்பது இந்த ஆட்டத்தின் இயல்பு. சரி, நம் சம்பளத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணம்) ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி உள்ள மேசையில் உட்கார வழக்கமாக 200 வெள்ளி. முப்பது மடங்கு என்றால் 6,000. மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்குபவருக்கு அது சாப்பாடும் வாடகையும் இல்லாமல் மூன்றரை மாத உழைப்பு. ஒரு சென், இரண்டு சென் மேசைக்குப் போனால் 60 வெள்ளி முதல் போதும். ஆனால் அங்கே 100 கைக்கு ஐந்து பெரிய பிளைண்ட் சம்பாதிப்பவர் மிக நன்றாக ஆடுபவர். அவருக்குக் கிடைப்பது 10 சென். ஒரு மேசையில் 100 கை ஆட ஒன்றரை மணி நேரம் ஆகும். சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும் மேசையில் வருமானமே இல்லை என்பதுதான் போக்கரின் சொந்தக் கணக்கு.

இருப்பில் பாதி போனால், பழைய இடத்துக்கு வர மிச்சத்தை இரட்டிப்பாக்க வேண்டும்.

கிறிஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் கைக்காசே போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி, 2007க்குள் 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். எந்த மேசைக்கும் இருப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் விதி. நல்ல விதி. ஆனால் அவர் ஆடிய ஃபுல் டில்ட் தளத்தின் இயக்குநர்களில் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 15இல் அமெரிக்க அரசு அதை முடக்கியபோது, ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் நிறுவனத்தில் இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர்கள் 2014 வரை காத்திருந்தார்கள்.

நம் நாட்டில் அப்படிக் காத்திருக்கவும் வழியில்லை. 1956 சிவில் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைத் தளம் தராவிட்டால் வழக்குப் போட முடியாது. அந்த ஆட்டமே 1953 சூதாட்ட மையச் சட்டத்தின் வலைக்குள் வரக்கூடியது.

கைப்பேசி மேசையில் எதிரில் உட்கார்ந்திருப்பது மனிதர்தானா? 2019இல் புளூரிபஸ் என்ற கணினி நிரல், ஆறு பேர் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது.

சட்டச் சிக்கல் நம் நாட்டில் மட்டுமல்ல. தமிழ்நாட்டில் போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று சொல்லி மாநிலத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டத்தையும் தடை செய்து சட்டம் இயற்றியது.

சம்பளம் கரைந்தால் அடுத்து கண் போவது சேமிப்பின் மேல். 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மருத்துவமனைக்கும் வேலை போன மாதத்துக்கும் அது இருக்கட்டும். அடுத்தது உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போவதுதான் என்ற நிலை வந்துவிட்டால், உரிமம் பெற்று கடன் கொடுப்பவர்கூட அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிறதா? பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. நிறுவனம் கடன் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. கூச்சப்படாமல், வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.