'சேஞ்ச்': கொடுத்து வாங்கும் சொல்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் 'சேஞ்ச்' என்றால் 'மாற்றம்' என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். பிறகு கடைக்காரர் தரும் மீதிச் சில்லறையும் 'சேஞ்ச்', இறங்கி வேறு ரயில் பிடிப்பதும் 'சேஞ்ச்', சட்டை மாற்றுவதும் 'சேஞ்ச்' என்று வரும்போது குழம்பிப்போகிறார்கள்.

இதன் வேரைப் பிடித்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிற்கால லத்தீனில் 'கம்பியாரே' என்றால் பண்டமாற்றுச் செய்வது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதே அதன் பழைய பொருள். 1571இல் முதலாம் எலிசபெத் அரசி 'ராயல் எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர் சூட்டிய லண்டன் வணிகர் கூடத்தை ஊரார் 'சேஞ்ச்' என்றே சுருக்கிச் சொன்னார்கள். 1843இல் வெளிவந்த டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கேரல்' கதையின் முதல் பக்கத்திலும் இந்தச் சொல் வணிகர் கூடத்தைத்தான் குறிக்கிறது.

பெரிய நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்குவதும் அதே கொடுக்கல் வாங்கல்தான். ரயில் மாறுவதைச் சொல்லும்போது 'சேஞ்ச் ட்ரெயின்ஸ்' என்று பன்மையில் சொல்ல வேண்டும். விடுகிற வண்டி ஒன்று, பிடிக்கிற வண்டி ஒன்று, ஆக இரண்டு. வீடு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் 'சேஞ்ச் ஹேண்ட்ஸ்'. தமிழில் நாம் 'கைமாறியது' என்று சொல்வதும் இதைத்தான்.

இங்கிலாந்தின் தேவாலயக் கோபுரங்களில் இச்சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மணிகளை ஒவ்வொரு சுற்றிலும் வரிசை மாற்றி அடிக்கும் கலை அங்கே 17ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. அப்படி மாறும் ஒவ்வொரு வரிசையும் ஒரு 'சேஞ்ச்'. ஏழு மணிகள் இருந்தால் 5,040 வரிசைகள். எல்லாவற்றையும் அடித்து முடிக்கச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். உள்ளதையே விதவிதமாக மாற்றிச் செய்வதை 'ரிங் த சேஞ்சஸ்' என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான்.

அன்றாடப் பேச்சில் கவனிக்க வேண்டியவை சில. மாற்றம் செய்வதற்கு 'டூ' வராது. 'மேக் எ சேஞ்ச்' என்பதே வழக்கு. எடுத்த முடிவை மாற்றிக்கொண்டால் 'சேஞ்ச் ஆஃப் மைண்ட்'. கல்மனம் இளகினால் 'சேஞ்ச் ஆஃப் ஹார்ட்'. 'ஃபார் எ சேஞ்ச்' என்பதில் எச்சரிக்கை தேவை. 'ஒரு மாறுதலுக்கு வெளியே சாப்பிடலாம்' என்ற பொருளில் அது இனிமையானது. 'இன்றைக்காவது நேரத்துக்கு வந்தாரே' என்ற தொனியில் வந்தால் அது குத்தல்.

ஆகவே இந்தச் சொல்லை நோட்டில் தனியாக எழுதாமல், அது சேர்ந்து வரும் தொடரோடு எழுதிப் பழகுங்கள். பேசும்போது தடுமாற்றம் குறையும்.