காதைத் தொட்ட கை

பிறந்த நாளை எழுதிவைக்கும் வழக்கம் பரவாத காலத்தில், புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்களில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வந்த தந்தையிடம் வயதைக் கேட்டால், "கண்மாய் உடைந்த ஆண்டில் பிறந்தவன்" என்பது போன்ற விடையே கிடைக்கும். ஆசிரியர் அதற்குமேல் வினவார். பிள்ளையை அருகில் அழைத்து, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் நுனி காதைத் தொட்டால் பெயர் பதிவேட்டில் ஏறும். தொடாவிட்டால், "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்கிய முறையே இது. கழுத்தைச் சாய்த்துக் காதை எட்டிப் பிடிக்க முயன்ற பிள்ளைகளும் உண்டு!

வேடிக்கை போலத் தோன்றும் இச்சோதனையில் ஓர் உண்மை பொதிந்திருந்தது. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலையே. முழு வளர்ச்சி பெற்றவர்க்கோ அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகின்றது. தலை முந்தி வளர்கின்றது. கைகால்கள் பிந்தி நீளுகின்றன. 6 வயதுக்குள் மூளை, வளர்ந்தோர் மூளையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகின்றது. அதன்பின் தலையின் வளர்ச்சி சிறிதே. உடலோ ஆண்டுக்கு 5 அல்லது 6 செண்டிமீட்டர் உயர்ந்துகொண்டே செல்லும். எனவே, ஐந்து வயதில் எட்டாத காது ஆறு ஏழு வயதில் எட்டுகின்றது.

ஆயினும், வயிறார உண்ணாத பிள்ளையின் வளர்ச்சி குன்றும். அப்பிள்ளைக்கு வயது நிரம்பியும் கை எட்டாது. வறுமையால் மெலிந்தவனையே பள்ளி வாயில் மீண்டும் ஓராண்டு தள்ளிவைத்தது. இக்குறை இன்று நீங்கிவிட்டது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுத்தல் கூடாது என 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதிக்கின்றது. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவும், 2022-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த காலை உணவும் இப்பருவத்துப் பிள்ளைகளின் எலும்பையும் தசையையும் கருதியவையே.

ஆறு வயதில் பாற்பற்கள் விழத் தொடங்கும். விழுந்த பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிவது நாட்டு வழக்கம். அவ்வேளையில் கடைவாயில் வேறொரு பல், எந்தப் பல்லையும் தள்ளாமல், ஓசையின்றி முளைக்கின்றது. இதையும் விழப்போகும் பாற்பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடும் பெற்றோர் பலர். வாழ்நாள் முழுதும் மெல்ல வேண்டிய பல் அஃது!

கையின் செய்தி இன்னும் நுட்பமானது. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தாகவே இருக்கும். பின்னர் ஒவ்வொன்றாக இறுகும். எட்டாவது எலும்பு இறுகுவதற்குப் பெரும்பாலும் ஒன்பது வயதேனும் ஆகும். பழைய திண்ணைப் பள்ளிகளில் எடுத்தவுடன் எழுத்தாணியைப் பிள்ளையின் கையில் கொடுக்கவில்லை. ஆற்று மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்துகொண்டே அதன் ஒலியையும் சொல்லச் செய்தனர். அங்குத் தண்டனைகள் கொடியவைதாம்; ஆனால் மணலில் தொடங்கிய முறை கைக்கு இதமானது. இன்று ஐந்து வயதுப் பிள்ளையின் எழுத்து கோணலாக இருப்பதற்காக விரல் கணுவில் அடிப்போர், அக்கணுவுக்குப் பின்னால் எலும்பு இன்னும் முற்றவில்லை என்பதை அறியார்.

உடலை அளக்கக் காது இருந்தது. உள்ளத்தை அளப்பது எப்படி? சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளோடு விளையாடியே இதை ஆராய்ந்தார். அவர் கண்ட ஒன்றை நம் அடுக்களையிலும் காணலாம். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றுக. ஒன்றிலுள்ளதை அகன்ற கிண்ணத்தில் மாற்றுக. எதில் மிகுதி என்று ஐந்து வயதுத் தம்பியைக் கேட்டால், உயர்ந்து நிற்கும் டம்ளரையே பெரும்பாலும் காட்டுவான். கண்ணெதிரே ஊற்றியும் நம்பமாட்டான். இது மந்தமன்று, ஒரே வேளையில் உயரம், அகலம் இரண்டையும் சேர்த்து நினைக்கும் ஆற்றல் இன்னும் முளைக்கவில்லை. மோரைப் பங்கிடும்போது அவன் அழுவதும் இதனாலேயே.

பல்லாங்குழியிலும் இவ்வேறுபாடு தெரியும். ஐந்து வயதுச் சிறுமி புளியங்கொட்டைகளை விரும்பிய குழியில் இட்டு மகிழ்வாள். எட்டு வயது அக்காள், "ஒரு குழியை விட்டுவிட்டாய்" என்று சண்டைக்கு வருவாள். விதி என்பது அனைவர்க்கும் பொது என்னும் உணர்வு அவளிடம் பிறந்துவிட்டது.

பாட்டியல் நூலார் ஆண்மகனை ஏழாண்டு வரை பாலன் என்றனர். பெண்மகளை ஐந்து முதல் ஏழாண்டு வரை, சிலர் எட்டு வரை, பேதை என்றனர். அறியாப் பருவத்தின் எல்லையை அவர்களும் ஏறத்தாழ அங்கேயே வைத்தனர். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் அதைக் கடப்பதில்லை. முன்னதாகப் பல் விழுந்தவன் பின்னதாகக் கணக்கில் தேறுவான். கூட்டிப் படிக்கத் தடுமாறுபவள் பல்லாங்குழியில் பிழையின்றி எண்ணுவாள். ஒரு வகுப்பின் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் அமர்ந்திருப்போர்க்குள் ஏறத்தாழ ஓராண்டு வயது வேறுபாடு இருக்கலாம். அவ்வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு!

ஈராண்டு கழித்து அதே தம்பியிடம் அதே தண்ணீரைக் கிண்ணத்தில் மாற்றிக் காட்டினால், அவன் கேட்பவரையே வியப்போடு நோக்குவான். "அதே தண்ணீர்தானே!" என்பான். முன்பு தான் வேறு விடை சொன்னதாகக் கூறினால், ஒப்புக்கொள்ளவும் மாட்டான்.