எழுப்பினாலும் எழாத கம்ப்யூட்டர்

என் கம்ப்யூட்டர் மதுரையில், அப்பா வீட்டு மாடி அறையில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது சென்னையில். பத்து வருட போட்டோக்கள், ஸ்கேன் செய்து வைத்த வீட்டுப் பத்திரங்கள், தங்கையின் சான்றிதழ்கள் எல்லாம் அதன் ஹார்ட் டிஸ்க்கில்தான். ஏதாவது ஒரு ஃபைல் வேண்டுமென்றால் அப்பாவுக்கு போன் செய்வேன். அவர் மாடியேறி பவர் பட்டனை அமுக்குவார். சென்ற ஆண்டு அவருக்கு மூட்டு வலி வந்தது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் வேக் ஆன் லேன் வசதி பக்கம் என் கவனம் திரும்பியது.

இது புதிய வசதி அல்ல. இதற்கு அடிப்படையான மேஜிக் பாக்கெட் தொழில்நுட்பத்தை ஏஎம்டி நிறுவனம் 1995-லேயே வெளியிட்டது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஸ்டேண்ட்பை மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். நெட்வொர்க் கார்டு அதில் அரைத் தூக்கத்தில் இருந்தபடி, தன் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிடுகிறார்களா என்று கவனிக்கும். பெயர் என்பது அதன் மேக் அட்ரஸ். மேஜிக் பாக்கெட்டில் முதலில் 6 பைட் எஃப்எஃப், அதன்பின் அந்த மேக் அட்ரஸ் 16 முறை, ஆக மொத்தம் 102 பைட். இது வந்து சேர்ந்தால் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகிவிடும்.

சேர்ந்தால்தானே! எனக்கு முதல் இரண்டு நாள் எதுவுமே நடக்கவில்லை. பயாஸில் தேடினேன், டிரைவரை மாற்றினேன். கடைசியில் அம்மா சொன்னார்: "நேத்து இடி இடிச்சுச்சு, அதான் சுவத்து சுவிட்சை அமத்திட்டேன்." ஸ்டேண்ட்பை மின்சாரமே இல்லாமல் எந்தக் கார்டு விழிக்கும்?

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரின் பின்பக்கம். ஷட்டவுன் செய்த பிறகும் லேன் கேபிள் செருகும் இடத்தில் சிறிய விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பயாஸ் செட்டப் போய், வேக் ஆன் லேன் அல்லது பவர் ஆன் பை பிசிஐ-இ என்ற வரியை எனேபிள் செய்யுங்கள். மதர்போர்டுக்கு மதர்போர்டு பெயர் மாறும். ஈஆர்பி என்று ஒரு வரி இருந்தால் அதை டிசேபிள் செய்ய வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அது நெட்வொர்க் கார்டுக்குப் போகும் மின்சாரத்தையும் நிறுத்திவிடும். வைஃபை மூலம் எழுப்ப முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் சரிப்பட்டு வருவதில்லை. கேபிள்தான் நம்பகமானது.

விளக்கு எரிந்தும் எழவில்லையா? அடுத்த சந்தேகம் விண்டோஸ் மீது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பிராப்பர்ட்டீஸ் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் டேபில் கம்ப்யூட்டரை எழுப்ப இந்த டிவைஸை அனுமதி என்ற பொருளில் உள்ள வரியையும், மேஜிக் பாக்கெட் மட்டும் எழுப்பட்டும் என்ற வரியையும் டிக் செய்யுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் நெட்வொர்க்கில் வேறு ஏதாவது பாக்கெட் வந்தாலும் நடுராத்திரியில் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். "மேல யாருமே இல்ல, ஆனா ஃபேன் ஓடுற சத்தம் கேக்குதுப்பா" என்று அப்பா ஒருநாள் கவலையோடு போன் செய்தார்.

2012-ல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் பலரைக் குழப்புவது. இது இருந்தால் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல, பாதி ஹைபர்நேட். இந்த நிலையில் நெட்வொர்க் கார்டை எழுப்புதலுக்குத் தயாராக விண்டோஸ் விட்டுவைப்பதில்லை. விண்டோஸ் 7-ல் ஒழுங்காக எழுந்த அதே கம்ப்யூட்டர் 10-க்கு மாறியதும் அசையாமல் கிடப்பது இதனால்தான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் டிக்கை எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் ஷட்டவுனே வேண்டாம், ஸ்லீப்பில் விடுங்கள். ஸ்லீப்பிலிருந்து எழுப்புவதற்கு விண்டோஸே துணை நிற்கும்.

இப்போது வீட்டுக்குள்ளிருந்தே, அதே ரவுட்டரில் இணைந்த இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து சோதித்துப் பாருங்கள். நிர்சாஃப்ட்டின் வேக்மீஆன்லேன் என்ற இலவச புரோகிராம் போதும். மேக் அட்ரஸ் கொடுக்கும்போது கவனம்: வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு ஒன்று, விர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருந்தால் அதற்கும் ஒன்று என்று பட்டியல் நீளும். கேபிள் கார்டுடையதுதான் வேண்டும். வீட்டுக்குள்ளேயே எழாத கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து எழுப்ப முயல்வது வீண் வேலை.

பொங்கல் லீவில் இதையெல்லாம் முடித்தேன். ரவுட்டரில் யுடிபி 9-ஆம் போர்ட்டை கம்ப்யூட்டரின் ஐபி அட்ரஸுக்குத் திருப்பிவிட்டு, வீட்டிலிருந்தே மொபைல் டேட்டாவில் சோதித்தேன். எழுந்தது! சந்தோஷமாக சென்னைக்கு பஸ் ஏறினேன். காலையில் அனுப்பினேன், எழவில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போய் சோதித்தால் உடனே எழுகிறது. சென்னை வந்தால் மறுபடியும் மவுனம்.

காரணம் தூரம் அல்ல, நேரம். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டில் இருப்பது ஐபி அட்ரஸ். அதை வீட்டுக்குள் கொண்டுசேர்க்க ரவுட்டருக்கு மேக் அட்ரஸ் தெரிய வேண்டும். எந்த ஐபிக்கு எந்த மேக் என்பதை ஏஆர்பி என்ற அட்டவணையில் ரவுட்டர் குறித்து வைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேச்சுமூச்சு இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். பிறகு பாக்கெட் வந்தால், "இந்த ஐபி யாருடையது?" என்று ரவுட்டர் கேட்கும். தூங்குகிறவன் எப்படிப் பதில் சொல்வான்? பதில் வராததால் ரவுட்டர் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். நான் ஷட்டவுன் செய்த கையோடு சோதித்ததால்தான் வீட்டில் ஒவ்வொரு முறையும் வெற்றி. ஏஆர்பி ஆஃப்லோட் வசதி உள்ள சில கார்டுகள் ஸ்லீப்பில் தாமே பதில் சொல்லும். ஷட்டவுனில் அதுவும் கிடையாது. எனவே சோதனை செய்வதாக இருந்தால் ஒரு இரவு முழுக்க விட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதற்கு வழி, ரவுட்டரில் ஐபி-மேக் பைண்டிங் இருந்தால் அந்த ஜோடியை நிரந்தரமாகப் பதிந்துவிடுவது. என் ரவுட்டரில் அது இல்லை. 192.168.1.255 என்ற பிராட்காஸ்ட் அட்ரஸுக்குத் திருப்பலாம் என்றால் அதையும் ஏற்கவில்லை. இதற்கிடையில் இன்டர்நெட் கனெக்‌ஷனை வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். ரவுட்டரின் வெளி அட்ரஸ் 100.64 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை பார்த்தால் போர்ட் திருப்பும் யோசனையையே விட்டுவிடுங்கள். உங்களைப் போல் பல வீடுகளுக்கு ஒரே பொது அட்ரஸைப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு ராஸ்பெரி பை. சில வாட் மின்சாரத்தில் எப்போதும் ஓடும் இதை ரவுட்டர் பக்கத்தில் வைத்து டெயில்ஸ்கேல் போட்டேன். சென்னையிலிருந்து பையில் நுழைந்து, அங்கிருந்து வேக்ஆன்லேன் கமாண்ட் கொடுத்தால் மேஜிக் பாக்கெட் வீட்டுக்குள்ளேயே புறப்படும். ஏஆர்பி தொல்லை இல்லை, போர்ட் திறக்கும் வேலையும் இல்லை. கம்ப்யூட்டர் எழுந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பும் இதே வழியில்தான். அதற்காக 3389-ஆம் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைக்கும் காரியத்தை மட்டும் செய்யாதீர்கள், கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்ப்பவர்கள் எப்போதும் காத்திருக்கிறார்கள்.

மிச்சம் ஒன்றுதான், மின்வெட்டு. மின்சாரம் போய் வந்தால் பல மதர்போர்டுகளில் நெட்வொர்க் கார்டு தன் தயார் நிலையை மறந்துவிடும். ஒரு முறை ஆன் செய்தால்தான் மறுபடி நினைவு வரும். பயாஸில் ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்பதை பவர் ஆன் என்று மாற்றி, அரை மணி நேரம் சும்மா இருந்தால் ஸ்லீப்புக்குப் போகும்படி விண்டோஸில் வைத்திருக்கிறேன். மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர் தானே எழுந்து தானே தூங்கப் போகும். அடிக்கடி மின்வெட்டு உள்ள ஊர் என்றால் யுபிஎஸ் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம், ஹார்ட் டிஸ்க் தாங்காது. அம்மா இப்போதும் இடி இடித்தால் சுவிட்சை அமத்துகிறார். அதற்கென்று கீழேயே ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தோம். மழை விட்டதும் அப்பா அதைப் போட்டுவிடுகிறார்.