பயணப்பெட்டியும் தந்தையின் கொப்பியும்

சென்ற வாரம் மாலைப்பொழுதொன்றில் வெள்ளவத்தையிலுள்ள ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். என்னிடம் பயின்ற மாணவனொருவன் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்துக்குப் புறப்படவிருக்கின்றான். கூடத்தின் நடுவே பெரிய பயணப்பெட்டியொன்று திறந்து கிடந்தது. அன்னையார் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் மோர்மிளகாயும் பொதிசெய்துகொண்டிருந்தார். தங்கை ஒவ்வொன்றாக நிறுத்து, நிறையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தகப்பனார் மட்டும் விறாந்தையின் மூலையிலே, கொப்பியொன்றை மடியில் வைத்தபடி பேசாதிருந்தார். அருகே சென்றமர்ந்தேன். "சேர், இது அவனுக்குத் தெரிய வேண்டாம். ஊர்க்காணியை ஈடு வைத்துவிட்டேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

கடவுச்சீட்டு, விசா, விமானச்சீட்டு யாவும் ஆயத்தம். ஆயினும், முதலிற் செய்யவேண்டிய ஆயத்தமொன்று அவ்வீட்டிற் செய்யப்படவில்லை என்பது எனக்கு அப்பொழுது புலனாயிற்று.

கடல்கடந்து கற்றல் நம்மவர்க்குப் புதியதன்று. கொட்டாஞ்சேனைப் பக்கத்தார் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை நன்கறிவர். அதனை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் மைந்தர்களுள் ஒருவர் அருணாசலம். 1853இற் பிறந்த அவர், பிற்காலத்தில் றோயல் கல்லூரியெனப் பெயர்பெற்ற கொழும்பு அக்கடமியிற் பயின்று, 1870இற் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிறிட்ஜிலுள்ள கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குச் சென்றார். சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது அதற்கு முந்திய ஆண்டிலேதான். அந்நாளில் அஞ்சற்கப்பல்கள் கொழும்புக்கு வருவதில்லை; காலித் துறைமுகத்திலேயே தங்கிச் சென்றன. கொழும்பில் அலைதடுப்புச்சுவர் கட்டும் வேலை 1875இலே தொடங்கியது. ஆதலால் கொழும்புப் பிள்ளை கடலைக் கடக்குமுன் காலிக்கு வண்டிப்பயணம் செய்யவேண்டியிருந்தது. கடிதம் ஒன்று போய் மறுமொழி வருவதற்குள் மாதங்கள் கழிந்துவிடும்.

இன்று கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகின்றோம். எனினும் அருணாசலத்துக்கு இரண்டு வாய்ப்புகள் இருந்தன. படிப்புச் செலவைப் புலமைப்பரிசில் தாங்கிற்று என்பது ஒன்று. அவ்வழியில் முன்னரே நடந்தவர் குடும்பத்திலேயே இருந்தார் என்பது மற்றொன்று. தாய்மாமனாகிய முத்துக்குமாரசுவாமி 1863இலேயே இலண்டன் லிங்கன்ஸ் இன்னிற் பாரிஸ்டரானவர். அவருடைய அறிவுரைப்படியே மருமகன் சிவில் சேவைப் பரீட்சைக்குத் தோற்றி, 1875இல் இலங்கையரில் முதல்வராகப் போட்டிப் பரீட்சை மூலம் அதிற் புகுந்தார். கேம்பிறிட்ஜிற் கண்ட எட்வேட் காப்பெண்டர் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நட்போ ஆயுள்வரை நீடித்தது. அவர் 1890இல் இலங்கைக்கு வந்து, அருணாசலத்தின் வாயிலாகத் தமிழ் ஞானியொருவரைக் கண்டு கேட்டறிந்தவற்றைத் தம் பயணநூலில் எழுதியுள்ளார்.

(இங்கே பெயரைப்பற்றி ஒரு சொல். தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதியமையால், அவரை அந்நாட்டார் அருணாசலம் என்றே அழைத்தனர். இக்காலத்திலோ கடவுச்சீட்டிற் குடும்பப்பெயர் என்னுமிடத்தில் தந்தையின் பெயரை எழுதிவிடுகின்றோம். அங்கே பேராசிரியர் தகப்பனார் பெயரைக் கூப்பிடப் பிள்ளை விழிக்கின்றான். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, கடவுச்சீட்டு மூன்றிலும் ஆங்கில எழுத்துக்கள் ஒன்றாயிருக்கின்றனவா என்று ஓராண்டுக்கு முன்னரே பாருங்கள். ஓரெழுத்துப் பிழைக்காகப் பத்தரமுல்லைக்குப் பன்முறை அலைந்தோரை நானறிவேன்.)

அருணாசலம் தாம் பெற்ற பேற்றைத் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. கடல்கடக்கப் பணமில்லாத பிள்ளைகள் என் செய்வர் என்று எண்ணியவர், 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரி கொழும்பிலே திறக்கப்பட்டது. 1924இல் அவர் மறைந்தார். முழுப் பல்கலைக்கழகம் 1942இல் உருவாயிற்று.

அவ்வாறிருந்தும் நம் பிள்ளைகள் ஏன் இன்னும் புறப்படுகின்றனர்? பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்ட அடிப்படைக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கொழும்பு மாவட்டத்திற் பரீட்சை எழுதும் பிள்ளை நல்ல பெறுபேறு பெற்றும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பதுண்டு. 1983 ஆடிக்குப் பின்னர் பிறநாடுகளிற் குடியேறிய உறவினர் அழைப்பதும் உண்டு. ஆகவே, போகாதே என்று சொல்ல யான் துணியேன். கணக்கறியாமற் போகாதே என்றே சொல்வேன்.

2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று. முதலாண்டுக் கட்டணத்தைச் செலுத்திப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள், அடுத்த ஆண்டுக்கு ஏறக்குறைய இருமடங்கு ரூபா தேடவேண்டியதாயிற்று. மற்றொன்றும் சொல்வேன். பிரித்தானிய விசாவுக்கு, வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்ததாகக் காட்டவேண்டும். இதற்கென்று வட்டிக்குப் பணம் வாங்கிப் போட்டுவைத்து, விசா கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவோர் நம்மிடையே உளர். காட்டிய பணம் போனபின் பிள்ளை எதைக்கொண்டு உண்பான்? பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்தல் அங்கே சட்டவிரோதம். வீட்டுக்கடனை அறியாத பிள்ளை செலவழிப்பான். பிறர்வாயிலாக அறியவந்த பிள்ளையோ படிப்பை மறந்து வேலைக்கு ஓடுவான். இரண்டையும் கண்டிருக்கின்றேன்.

இவற்றை அத் தகப்பனாரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, இங்கே வா" என்று மகனை அழைத்துக் கொப்பியை அவன் கையிற் கொடுத்தார். அவன் நின்றபடியே இரண்டு பக்கங்கள் படித்தான். உள்ளே நிறைசொல்லும் குரலும் நின்றுவிட்டது.

"அப்பா, இதற்கு மாதவட்டி எவ்வளவு?" என்று கேட்டான்.

தகப்பனார் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார். நான் விடைபெற்றுக்கொண்டேன்.