பிள்ளைக்கென வீட்டில் ஒரு மூலை

ஒரு வீட்டில் சிறு பிள்ளை இருக்கின்றது என்பதை வாசலிலேயே அறிந்துகொள்ளலாம். கொடியில் காயும் துணிகளும் நிலத்தில் கிடக்கும் விளையாட்டுச் சாமான்களும் அதைச் சொல்லிவிடும். இன்று கண்டி நகரின் கடைவீதிகளில் குழந்தைகளுக்கென எத்தனையோ அழகிய பொருட்கள் அடுக்கிவைக்கப்பட்டுள்ளன. சித்திரம் பதித்த கட்டில்கள், சக்கரம் பூட்டிய வோக்கர்கள், வண்ணத் திரைச்சீலைகள், தள்ளுவண்டிகள் என அப்பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்றபோது முகாம்களில் சிறுமிகளாக இருந்தவர்களில் பலர் இன்று தாய்மாராகிவிட்டனர். “நாங்கள் பட்டது போதும், பிள்ளையாவது ஒரு குறையும் இல்லாமல் வளரட்டும்” என்று அவர்கள் கூறுவதைக் களப்பணியின்போது அடிக்கடி கேட்கின்றேன். இது மிகவும் நியாயமான ஆசை. ஆனால் இந்த ஆசைக்காகவே தவணைக் கடனில் பொருட்களை வாங்கி, பிள்ளையின் பால்மாச் செலவுக்கும் முட்டைக்கும் கையில் காசில்லாமல் நிற்கும் குடும்பங்களும் உள்ளன. ஆகவே எது பிள்ளைக்குத் தேவை, எது கடைக்காரருக்குத் தேவை என்பதை நாம் பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

பதிவான தட்டு, சிறிய கதிரை

எமது நாட்டில் முன்பள்ளியை இன்றும் பலர் “மொண்டிசோரி” என்றே அழைக்கின்றனர். இப்பெயருக்குரிய மரியா மொண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டு வைத்தியர். 1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உரோமாபுரியின் சன் லொரென்சோ என்னும் வறிய பகுதியில் தமது முதலாவது “சிறுவர் இல்லத்தை” அவர் ஆரம்பித்தார். பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றபின் பார்ப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்காகவே அது திறக்கப்பட்டது. பிள்ளை தானே தூக்கக்கூடிய பாரமற்ற கதிரை, அதன் கைக்கு எட்டும் பதிவான தட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிரந்தர இடம் ஆகியன அவரது முறையின் அடிப்படைகளாக அமைந்தன. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், இரண்டாம் உலக யுத்தம் காரணமாக நாடு திரும்ப முடியாமல் பல ஆண்டுகள் இந்தியாவில் தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார்.

இன்று பெரும் விலைக்கு விற்கப்படும் “சிறுவர் அறை” அலங்காரங்கள் பலவற்றின் மூலம் ஏழைப் பிள்ளைகளுக்கென அமைக்கப்பட்ட அந்த அறைதான் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பழப்பெட்டிகளை நன்கு தேய்த்து, ஆணி முனைகளை நீக்கி, சுவரோடு அசையாமல் பொருத்தினால் பதிவான தட்டு தயார். அதில் நான்கு பொருட்களை மட்டும் வையுங்கள். மற்றவற்றை எடுத்து வைத்து, வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். ஒரே அறையில் வாடகைக்கு வாழும் குடும்பத்துக்கும் இது இயலும். அடிக்கடி இடம் மாறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, “இது என் இடம், என் பொருள் இங்கேதான் இருக்கும்” என்ற உறுதி பெரிய ஆறுதலாகும்.

வோக்கர் வேண்டாம்

வோக்கரில் இருத்தினால் பிள்ளை விரைவில் நடக்கும் எனப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அது நடையைப் பழக்குவதில்லை. தவழ்வதற்கும் எழும்பி நிற்பதற்கும் பிள்ளை எடுக்கும் முயற்சியையே அது குறைத்துவிடுகின்றது. ஆபத்தும் பெரிது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரையான காலத்தில் 15 மாதத்துக்குக் குறைந்த 230,000இற்கும் மேற்பட்ட குழந்தைகள் வோக்கர் விபத்துக்களால் வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொண்டுவரப்பட்டுள்ளனர். அவர்களில் பெரும்பாலானோர் படிகளில் உருண்டு விழுந்து தலையிலோ கழுத்திலோ காயமடைந்தவர்கள். கனடா 2004ஆம் ஆண்டிலேயே வோக்கர் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. மலைச்சரிவில் படிகளோடு அமைந்த கண்டிப் பகுதி வீடுகளுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

பிள்ளைக்கு வேண்டியது நிலம். தமிழில் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள், குழந்தை கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவதைச் செங்கீரைப் பருவம் என்றும், கைகொட்டி மகிழ்வதைச் சப்பாணிப் பருவம் என்றும் வகுத்துள்ளனர். இவை தரையிலும் தாயின் மடியிலும் நடைபெறும் வளர்ச்சிகள். சீமெந்துத் தரை குளிர்ந்தால் பாய் விரித்து, மேலே தடித்த துணி போடுங்கள். நிற்கத் தொடங்கிய பின் பின்னால் நின்று தள்ளும் எமது பழைய மர நடைவண்டி போதுமானது. அதையும் படியில்லாத இடத்தில், பெரியவர் பார்த்திருக்கவே கொடுக்க வேண்டும்.

ஏணையும் உறக்கமும்

மரக்கிளையிலும் கூடாரக் கம்பிலும் சேலையால் ஏணை கட்டிப் பிள்ளை வளர்த்தவர்கள் நாம். தோட்டப்புறத்தில் தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்லும்போது பிள்ளைக் காம்பராவிலும் இதே துணித் தொட்டில்தான் ஆடியது. பிள்ளையை அமர்த்த ஏணை நல்லதே. எனினும் துணி முகத்தில் மூடாதபடி குறுக்குக் கம்பு வையுங்கள். நிலத்திலிருந்து அதிக உயரத்தில் கட்டாதீர்கள். பெரிய பிள்ளைகள் ஏணைத் துணியில் சுற்றி விளையாட இடமளிக்காதீர்கள், கழுத்தில் இறுகக்கூடும். பிள்ளை தூங்கியதும் தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பானது. ஒரு வயது வரை படுக்கையில் தலையணை, துணிப்பொம்மை எதுவும் வேண்டாம்.

சுவருக்கு ஓர் அழகு

பிறந்து முதல் சில வாரங்களில் குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம் மட்டுமே. வெளிறிய நிறங்களைவிடக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு போன்ற எடுப்பான நிறங்களே அதன் கண்ணை ஈர்க்கின்றன. இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கண்டிக்கு அருகே மெனிக்கின்னப் பக்கமுள்ள கலசிரிகமவில் தலைமுறை தலைமுறையாகத் தும்பறைப் பாய் நெய்யப்படுகின்றது. கற்றாழையை ஒத்த “ஹன” செடியின் நாரைப் பிரித்து, சாயமிட்டு, தறியில் நெய்கின்றனர். யானை, மான், பறவை, கோண வடிவங்கள் எனப் பிள்ளை பார்த்து மகிழும் உருவங்கள் அதில் நிறைந்துள்ளன. 2021இல் யுனெஸ்கோ இக்கைப்பணியை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அப்பாயை வாங்க வசதியில்லாவிடினும் அதன் முறையை நாம் பின்பற்றலாம். பழைய சேலைத் துண்டுகளில் யானையும் மானும் வெட்டி, ஒரு தடித்த துணியில் தைத்து, பிள்ளையின் கண்மட்டத்தில் தொங்கவிடுங்கள். துணிப்பொம்மைக்குப் பொத்தானோ மணியோ கண்ணாக வைக்கக் கூடாது, பிள்ளை விழுங்கிவிடும். நூலால் கண் தைத்துவிடுங்கள். யன்னல் திரையின் கயிறு பிள்ளைக்கு எட்டாதிருக்கட்டும். அலுமாரியைச் சுவரோடு பிணைத்து வையுங்கள். மரச்சாமானுக்கு நிறம் பூசுவதாயின் ஈயம் சேராத பூச்சையே கேட்டு வாங்குங்கள். பழைய பூச்சு உதிர்ந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

கைவேலை வருமானமும் ஆகலாம்

தைக்கத் தெரிந்த சகோதரிகளுக்கு இதில் ஒரு வழியும் உண்டு. குருநாகலில் 1991இல் ஒரு சிறு முயற்சியாக ஆரம்பமான செலின் கைத்தறி நிறுவனம், கிராமப் பெண்கள் நெய்யும் துணியில் பொம்மைகளும் வீட்டலங்காரப் பொருட்களும் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகின்றது. நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. நான்கு பேர் சேர்ந்து, ஒரு தையல் இயந்திரத்தில், ஒரே வகைப் பொருளைச் சுத்தமாகத் தைத்து, அயலிலுள்ள முன்பள்ளிகளில் காட்டிப் பாருங்கள். செலவையும் உழைப்பையும் எழுதிவைத்து விலை சொல்லுங்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

அடுத்த முறை தவணைக்குப் பொருள் தருகின்றோம் என யாராவது வாசலில் வந்து நின்றால், மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது பிள்ளைக்குப் பாதுகாப்பானதா? ஆறு மாதத்தின் பின்னும் பயன்படுமா? இதே பயனைத் தரும் ஒன்று வீட்டில் உண்டா? ஐயமிருந்தால் உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். ஒரு பாய், ஒரு பதிவான தட்டு, கையால் தைத்த ஒரு யானை, பக்கத்தில் கதை சொல்லும் அம்மா. பிள்ளையின் மூலை இவ்வளவில் நிறைந்துவிடும்.